தொலைநோக்கியை மூட்டை கட்டிய பிறகு

(மதுரையில் கல்லூரி இயற்பியல் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில், பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் நட்சத்திரம் எது என்று இந்த அரங்கில் யாரைக் கேட்டாலும் பதில் உடனே வரும். ரோகிணி, மகம், கேட்டை, சுவாதி என்று யோசிக்காமல் சொல்வீர்கள். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பழகியது அது. அந்த ரோகிணி வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது, அதன் நிறம் என்ன, எந்த மாதத்தில் எத்தனை மணிக்குத் தெரியும் என்று அடுத்த கேள்வி கேட்டால் அரங்கம் அமைதியாகிவிடும். இயற்பியலில் முதுகலை முடித்தவர்களிடமும் இதே நிலைதான். பெயர் நம்மிடம் இருக்கிறது. பெயருக்கு உரிய ஒளியை நாம் பார்த்ததில்லை.

பொதுமக்களிடம் வானியலைக் கொண்டுபோவது பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் இந்த நட்சத்திரப் பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். ஓர் ஊருக்கு வானத்தைக் காட்டப் போகிறவர்கள், அங்கே ஒன்றுமே தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. பாதி அவர்களிடமே இருக்கிறது. மார்கழி இரவில் எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்து நின்று அண்ணாந்தால், உச்சிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொத்து தெரியும். அது கார்த்திகை. அதற்குக் கீழே செம்மஞ்சள் நிறத்தில் தனியாக நிற்பது ரோகிணி. இன்னும் கீழே இறங்கினால், சற்றே சிவந்து நிற்கும் பெரிய விண்மீன் திருவாதிரை. இந்த மூன்றையும் விரலால் சுட்டிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். எந்தக் கருவியும் வேண்டாம். "இதுதானா என் நட்சத்திரம்!" என்று ஒரு பாட்டியம்மா கேட்கும்போது அந்தக் கூட்டத்தின் முகமே மாறிவிடும்.

2019ஆம் ஆண்டின் கடைசியில் இந்தத் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரிக்குள் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவுக்கு மங்கிவிட்டது. உலகத்து வானியலாளர்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தன்னிலிருந்து வெளியே தள்ளிய பொருள் தூசியாக உறைந்து நம் பார்வையை மறைத்தது என்று பின்னால் விளக்கம் வந்தது. அதே மார்கழியில்தான் ஆருத்ரா தரிசனமும் வந்தது. ஆருத்ரா என்பது திருவாதிரையேதான். கோயில் வாசலில் நின்று, "ஐயா, அம்மா, உங்கள் திருவாதிரை இந்த மாதம் மங்கியிருக்கிறது, பக்கத்தில் இருக்கும் ரோகிணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால், தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் ஒரு விண்மீனின் மாற்றத்தை நேரில் பார்த்தவர்களாக ஆகியிருப்பார்கள். அப்படி ஒருவரை ஒவ்வோர் ஊரிலும் உண்டாக்குவதுதான் நம் வேலை என்று நான் நினைக்கிறேன். இன்று நான் சொல்லவிருப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இங்கே சோதிடக் கேள்வி வரும் என்று உங்களில் சிலர் தயங்குவீர்கள். வரும்தான். பிறந்த நட்சத்திரம் என்பது, நீங்கள் பிறந்த வேளையில் நிலா எந்த விண்மீன் பகுதியில் நின்றது என்பதைக் காட்டும் குறிப்பு. நிலா நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. 27 நாளில் சுற்றி வந்துவிடுகிறது. இதை மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் எவரும் தாமே கண்டுகொள்ளலாம். இது முழுக்க வானியல். அது நம் கல்யாணத்தையும் தொழிலையும் தீர்மானிக்குமா என்று கேட்டால், அதற்குச் சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மழுப்பக் கூடாது. ஆனால் கேட்பதற்கு முன்பே நாமாக அந்தச் சண்டையைத் தொடங்கி, வந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. அவர்கள் வானத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். முதலில் வானத்தைக் காட்டுவோம்.

இந்த வேலைக்கு நமக்கு முன்னோர் இருக்கிறார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்த மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த ஆய்வகத்தில் பல்லாண்டு வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல், தெற்கு வானத்தில் ரெட்டிகுலம் என்ற சிறிய விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். இவை பாடநூலில் வரவேண்டிய செய்திகள். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது 1874இல் அவர் செய்தது. அந்த டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போனது. நூறாண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்த நிகழ்வு. ஐரோப்பிய நாடுகள் உலகெங்கும் கப்பல் கப்பலாக ஆய்வுக் குழுக்களை அனுப்பிக்கொண்டிருந்தன. ரகுநாதாச்சாரியோ, அது ஏன் நிகழ்கிறது, அதை வைத்துச் சூரியனின் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை விளக்கி, நிகழ்வுக்கு முன்பே ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். கண்டு அறிந்த கணக்கின்படி பஞ்சாங்கம் திருத்தப்பட வேண்டும் என்று வாதாடினார். அப்படியொரு பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிடவும் செய்தார்.

அவருடைய வேலை விவரத்தில் இதெல்லாம் இல்லை. அளவெடுப்பதும் கணக்குப் போடுவதும்தான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. நமக்கோ கற்பிப்பதுதான் வேலை. அப்படியிருக்க, வகுப்பறைச் சுவரோடு நம் கற்பித்தல் நின்றுவிட வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர் தமிழர் அல்லர். இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸூர் என்ற ஊரில், அரசுக் கருவூலத்தில் நாணயம் சரிபார்க்கும் சிறிய வேலையில் இருந்தவர். பெயர் ராதா கோவிந்த சந்திரா. பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் தம் தாய்மொழியில் படித்த ஒரு கட்டுரை அவர் மனத்தை வானத்தின் பக்கம் திருப்பியது. அதே ஊரில் இருந்த வழக்கறிஞர் ஒருவர் விண்மீன் படத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். 1910இல் ஹேலி வால்மீன் வந்தபோது பைனாகுலரோடு அதைத் தொடர்ந்து பார்த்துக் குறித்தார். பிறகு கையில் இருந்த பணத்தைப் போட்டு மூன்று அங்குலத் தொலைநோக்கி வாங்கினார். 1918இல் திடீரென ஒளிர்ந்த புதிய விண்மீன் ஒன்றை உலகில் முதலில் கண்டவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய ஒளி மாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய அளவீடுகள் 37,000க்கு மேல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் முற்றத்தில் நின்று எடுத்த அளவீடுகள். அவர் உழைப்பைக் கண்ட அந்தச் சங்கம் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தது. அந்தக் கருவி பிற்காலத்தில் வானியலாளர் வைனு பாப்புவிடம் வந்து, நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தைச் சேர்ந்தது.

காவலூர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது 1986இல் திறந்து வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிதான். அது பெருமைக்கு உரியது. அதே மலையில் ஒரு கருவூல ஊழியரின் தொலைநோக்கிக்கும் இடம் கிடைத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. ஒரு கட்டுரை, ஒரு வழக்கறிஞர், ஒரு பைனாகுலர்: அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. அந்த வழக்கறிஞர் இருந்த இடத்தில் இன்று நாம் இருக்க வேண்டும்.

நம் வழக்கமான நிகழ்ச்சிகளை எண்ணிப் பாருங்கள். தேசிய அறிவியல் நாள் வரும். வளாகத்தில் ஒரு மேடை, ஒரு தொலைநோக்கி, வரிசையில் பள்ளிப் பிள்ளைகள். நிலாவைப் பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், புகைப்படம் எடுப்போம், அறிக்கை எழுதுவோம். எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்புவோம். தொலைநோக்கியை மூட்டை கட்டி எடுத்து வந்த பிறகு, அந்தப் பிள்ளைகளில் யாராவது மறுநாள் வானத்தைப் பார்த்தார்களா என்று கேட்க அந்த அறிக்கையில் இடமே இல்லை. நான் அந்தக் கேள்வியைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே இரவில் ஐந்நூறு பேர் பார்த்துவிட்டுப் போவதைவிட, ஓர் ஊரில் ஒருவர் ஓராண்டு முழுக்கப் பார்ப்பது எனக்குப் பெரிது.

அந்த ஒருவரை எங்கே தேடுவது? தேடவே வேண்டாம், அவர் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். உசிலம்பட்டியிலிருந்தும் திருப்புவனத்திலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் பேருந்து பிடித்து வருகிற மாணவர்கள்தாம் நம் கல்லூரிகளை நிரப்புகிறார்கள். பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவர்கள் ஊரில் நம் வளாகத்தைவிட இருட்டான வானம் இருக்கிறது. ஊராரின் நம்பிக்கையும் அவர்களுக்கு உண்டு. நாம் வேன் வைத்துக்கொண்டு போய் இறங்கினால் விருந்தாளி. அந்தப் பெண்ணோ பையனோ மொட்டை மாடியில் நின்று அத்தை மகளுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் வியாழனைக் காட்டினால் அது ஊர்க் காரியம்.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை எளிது. துறை நூலகத்திலிருந்து புத்தகம் கொடுப்பதைப் போலவே பைனாகுலர் கொடுங்கள். 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லையும் உள்ளது போதும். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர் கையில் அதையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்து அனுப்புங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் பக்கத்தில் கண்ட அந்த நான்கு நிலாக்களையும், வியாழன் வானில் இருக்கும் மாதங்களில், கையை ஒரு தூணிலோ கைப்பிடிச் சுவரிலோ ஊன்றிக்கொண்டு பார்த்துவிடலாம். தினம் மாலை ஒரே நேரத்தில் பார்த்து, புள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள். அயோ 1.77 நாளில் சுற்றி வருகிறது, காலிஸ்டோவுக்கு 16.7 நாள் ஆகிறது. பத்து நாள் படம் வரைந்தால் எது உள்ளே சுற்றுவது, எது வெளியே சுற்றுவது என்பது தானே புலப்படும். கெப்ளரின் மூன்றாம் விதியைப் பாடநூலில் படித்த மாணவர் அதைத் தம் கையெழுத்தில் பார்ப்பார். இதையே இளங்கலைத் திட்டப் பணியாகவும் ஏற்றுக்கொள்ளலாம்.

கருவிக்குப் பணம் எங்கே என்பீர்கள். பல துறைகளில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஏதோ ஒரு திட்டத்தில் வாங்கியது. இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது. வெளியே எடுத்தால் உடையும், உடைந்தால் தணிக்கையில் கேட்பார்கள், ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டி வைத்த கருவியும் பூஞ்சை பிடித்துக் கெட்டுத்தான் போகிறது. கடன் கொடுக்கும் விதி ஒன்றை எழுத்தில் வைத்து, துறைக் குழுவில் நிறைவேற்றி, முதல்வர் ஒப்புதலோடு கொடுத்தால் யாரும் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு மணி நேரக் கூட்டத்தில் முடிகிற காரியம்.

இரண்டாவது, பெண்கள். இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வானம் இரவுக்கு உரியது. நம் பல மகளிர் விடுதிகளின் கதவோ இருட்டும்போது மூடிவிடுகிறது. இயற்பியல் வகுப்பில் பாதிக்கு மேல் மாணவியர். இரவு நோக்கு நிகழ்ச்சிப் படத்தைப் பார்த்தால் முன்வரிசை முழுக்க மாணவர்கள். அனுமதிக் கடிதம், பெற்றோர் கையொப்பம், காப்பாளர் தொலைபேசி என்று பெண் பிள்ளைகள் கடக்க வேண்டிய படிகளை எண்ணினால், ஆர்வம் பாதி வழியிலேயே வடிந்துபோகும். மாணவியர் வெளியே வர முடியாவிட்டால் தொலைநோக்கியை உள்ளே கொண்டுபோவோம். விடுதி மொட்டை மாடியைவிட நல்ல இடம் வளாகத்தில் எது? பெண் ஆசிரியர்கள் பொறுப்பேற்றால் நள்ளிரவு வரைகூட நடத்தலாம். ஊர்களிலும் அப்படித்தான். நிகழ்ச்சியை மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தால் தாய்மாரும் வருவார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். பகலில் சூரியக் கரும்புள்ளி பார்க்கும் நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருவது சூரிய ஆய்வுதான். அதன் முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித், அதற்கு முன்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். நம் தொழிலிலிருந்து போனவர்!

நடைமுறைச் செய்திகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இருநூறு பேர் வந்து ஒரே தொலைநோக்கி இருந்தால், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசியில் நிற்கும் குழந்தை தூங்கிவிடும். வரிசையில் நிற்பவர்களுக்கு வெறும் கண்ணால் வானம் காட்ட ஒரு மாணவர் தனியாக வேண்டும். தெருவிளக்கை அணைக்க ஊராட்சித் தலைவரிடம் அனுமதி கேட்பதோடு, அந்தச் சுவிட்சைப் போடுகிற ஊழியரையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சப்தரிஷி மண்டலத்தில் அருந்ததியைக் காட்டத் தவறாதீர்கள். கல்யாணத்தில் பகல் வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாம் உண்மையில் பார்க்கட்டும். கூடவே இருக்கும் வசிட்டரைத் தொலைநோக்கியில் வைத்தால் அதுவே இரண்டாகப் பிரிந்து தெரியும். சனிக் கோளின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது. அதை ஒட்டிய ஆண்டுகளில் அது மெல்லியதாகவே தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். படத்தில் கண்ட வளையத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறக் கூடாது.

நிலாவில் கொடி தெரியுமா என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். தெரியாது என்ற ஒற்றைச் சொல்லோடு முடிக்காதீர்கள். ஆறு அங்குலத் தொலைநோக்கி, 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்டாது. "உங்கள் ஊரே நிலாவில் இருந்தாலும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்" என்று சொன்னால் தூரம் என்பது அவர்களுக்கு விளங்கும். நாமக்கல் பக்கம் போனால் இன்னொன்று சொல்லலாம். சந்திரயான் தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. சித்தம்பூண்டி வட்டாரத்துப் பாறை நிலாப் பாறையை ஒத்திருந்ததால் அதை அரைத்துத்தான் அந்த மண்ணைத் தயாரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியபோது அந்தத் திட்டத்தை இயக்கிய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ஆதித்யா எல்1 திட்டத்தை வழிநடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். ஓர் ஊரில் பேசும்போது அந்த ஊருக்குப் பக்கத்து மண்ணையும் மனிதரையும் பேசுவது, அங்கே உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது நிழலில்லா நாள். கருவி எதுவும் இல்லாமல் பூமியை அளக்கலாம். மதுரையில் ஏப்ரல் 16ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27ஐ ஒட்டியும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. நண்பகல் 12 மணி 17 நிமிட அளவில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாளில் சென்னையில் ஒரு நண்பர் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, மிகக் குறுகிய நிழலை அளக்கட்டும். ஐந்தரை சென்டிமீட்டர் வரும். அந்த நிழலிலிருந்து கோணம் கணக்கிட்டால் 3.15 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக இடைவெளி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். 350ஐ 360ஆல் பெருக்கி 3.15ஆல் வகுத்தால் 40,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவு! எட்டாம் வகுப்புக் கணக்குதான். சென்னைக்கு நண்பகல் நமக்கு ஒன்பது நிமிடம் முன்பே வந்துவிட்டதையும் பிள்ளைகள் கவனிப்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். அந்த "ஏன்" பிறந்துவிட்டால் நாம் பேசாமல் நகர்ந்துகொள்ளலாம்.

இவற்றை எல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. துளிர் இதழ் இருக்கிறது. சென்னையிலும் திருச்சியிலும் கோளரங்கங்கள் இருக்கின்றன. நம் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கிராமத்தில் நடக்கிறது. ஏழு இரவுகள் ஒரே ஊரில் தங்குகிறோம்! நிலா ஏழு நாளில் கால் வட்டம் வளர்வதை ஊராரோடு சேர்ந்து பார்க்க இதைவிட வாய்ப்பு ஏது? முகாம் முடியும்போது அந்த ஊர் நூலகத்தில் ஒரு விண்மீன் படத்தையும் பெயர் எழுதிய ஒரு பதிவேட்டையும் விட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு போகும்போது பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அதில் ஒரே ஒரு கையெழுத்து தொடர்ந்து இருந்தால் போதும், அந்த ஊரில் நம் வேலை நிலைத்துவிட்டது.

இதற்கெல்லாம் பதவி உயர்வில் மதிப்பெண் உண்டா என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது உண்டு. நியாயமான கேள்வி. ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கும் எடை இதற்கு இல்லை என்பது உண்மை. அது மாற வேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்போம். மாறும் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் மக்கள் பணத்தில் சம்பளம் வாங்கி, அண்டம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறேன். அதை அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

இப்போது நம் முன்னால் இருக்கும் நாளுக்கு வருகிறேன். 2031 மே 21, புதன்கிழமை. அன்று வளைய சூரிய கிரகணத்தின் நிழல் கொச்சி, கோட்டயம் பக்கமாக வந்து, மலையைத் தாண்டித் தேனி, மதுரை, காரைக்குடி வழியாக வேதாரண்யம் போய், கடல் கடந்து யாழ்ப்பாணத்தைத் தொடும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, திண்டுக்கல் மக்கள் காலையில் கண்ட வளையத்தை இந்த முறை நாம் பிற்பகல் ஒரு மணியை ஒட்டிக் காண்போம். சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலே இருக்கும். வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு வழியே விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் தரையில் வளையமாகும். அதைப் பார்க்கக் கண்ணாடிகூட வேண்டாம். மர நிழலும் மண் தரையும் போதும்.

ஆனால் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அது கத்திரி வெயில் காலம். நிழலும் குடிநீரும் இல்லாமல் கூட்டம் கூட்டவே கூடாது. அது கோடை விடுமுறையும்கூட. பள்ளிகள் வழியே பிள்ளைகளைச் சேர்க்கும் நம் பழக்கமான வழி அன்று உதவாது. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கிரகணம் என்றதும் சன்னலைச் சாத்தி, கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் உட்கார வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தப் பயத்துக்கு அடியில் இருப்பது அக்கறை. அதை மதித்துப் பேச வேண்டும். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை நாமும் வலியுறுத்துகிறோம். எக்ஸ்ரே படமும் புகை பிடித்த கண்ணாடியும் ஆகாது, தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லா நாளையும் போன்றதே அந்த வெயில் என்று சொல்ல, அந்தத் தெருவிலேயே வளர்ந்த ஒருவர் வேண்டும். நாம் போய்ச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தெருவில் வளர்ந்த பெண் சொன்னால் வெளியே வருவார்கள்.

அதற்கு முன்னால் ஓர் ஒத்திகையும் கிடைக்கிறது. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை, நமக்குப் பகுதிக் கிரகணம் தெரியும். பள்ளி விடும் நேரம். பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள். பந்தின் மேல் ஒட்டிய சிறு கண்ணாடித் துண்டால் சூரிய ஒளியை இருபது மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழவைத்தால் ஒரு சாண் அகலத்துக்குச் சூரியனின் உருவம் கிடைக்கும். அதில் கடித்த பகுதியை ஊரே சேர்ந்து பார்க்கலாம். அன்றைக்கு ஊருக்கு ஒரு மாணவர் அதைத் தாமே செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் இரண்டு மாணவர்கள், அதில் ஒருவர் கட்டாயம் மாணவி. அவர்கள் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். உங்கள் துறை அலமாரியில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எது வேலை செய்கிறது என்ற பட்டியலும் வேண்டும். வாசலில் மேசை போட்டு ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். 2031 கிரகண நிழல் போகும் பாதையில் இருக்கும் ஊர்களைச் சிவப்பு மையில் குறிக்கிறோம். தேனிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் எந்த ஒன்றியம் விடுபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். விடுபட்ட ஒன்றியங்களை யார் யார் ஏற்பது என்பதைத் தேநீருக்குப் பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்வோம்.